“எவ்வளவு வாங்கினீங்க?” என்று கேட்பதற்கு முன்னால்

பெரிய கேம் ஒன்று வெளியாகும் வாரத்தில் விமர்சகர்களின் இன்பாக்ஸைத் திறந்தால் இரண்டே வகை மெசேஜ்கள்தான் இருக்கும். பத்துக்கு எட்டு மார்க் போட்டவருக்கு “எவ்வளவு வாங்கினீங்க?” ஆறு போட்டவருக்கு “எதிர் கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?” கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஐயாயிரம் ரூபாய் கட்டி கேம் வெளியாகும் முன்பே வாங்கி, அதாவது ப்ரீ-ஆர்டர் போட்டுவிட்டவர்கள். கட்டின பணம் வீண் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விமர்சகர் அதற்கான ஆள் இல்லை.

முதலில் இந்த ‘ஓசி கேம்’ விஷயத்தை முடித்துவிடலாம். ரிவ்யூ கோட் என்பது விமர்சனத்துக்காகக் கம்பெனி இலவசமாக அனுப்பும் குறியீடு. பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 15 எழுத்து, பிளேஸ்டேஷனில் 12 எழுத்து. ஒரு கணக்கில் போட்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொண்டுபோய் விற்க முடியாது. 60 மணி நேரக் கேமுக்குக் கோட் ஐந்து நாள் முன்னால் வருகிறது என்று வையுங்கள். 100 ஜிபி இறக்க, 100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினாலே இரண்டேகால் மணி நேரம். பிறகு நாளுக்கு 12 மணி நேரம் ஆட வேண்டும். அந்த ஐந்து நாளில் ஒருநாள் மின்வாரியம் பராமரிப்பு என்று காலையில் கரண்ட்டை நிறுத்தினால் அரை நாள் அம்போ. ஐயாயிரத்தை அறுபதால் வகுத்தால் மணிக்கு 83 ரூபாய். இந்த ரேட்டுக்கு யாராவது விலைபோவார்களா? எழுதும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அழுத்தமே இல்லை என்று சொல்லவில்லை. அது வரும் வழி வேறு. 2007-இல் கேம்ஸ்பாட் என்ற கேம் விமர்சனத் தளம் முழுக்க ‘கேன் அண்ட் லிஞ்ச்’ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதே கேமுக்கு அந்தத் தளத்தின் விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் 6.0 போட்டார், அந்த நவம்பரிலேயே வேலை போனது. என்ன நடந்தது என்று அவரால் வெளிப்படையாகப் பேச முடிந்தது 2012-இல்தான். விளம்பரப் பணம் யாருடைய பாக்கெட்டுக்கும் போகவில்லை, வேலைக்கே உலை வைத்தது. கம்மியாக மார்க் போடுகிறவரைத் திட்டும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, கோட்டோடு வரும் நிபந்தனைகள். வாசகர் கவனிக்க வேண்டியதும் இதைத்தான், கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பர் 10-இல் வந்தது. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பை மட்டும். முதலில் வந்த விமர்சனங்களில் தாங்கள் ஆடிப் பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் அனுமதி இல்லை. கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். “பிசியில் ஆடியது” என்று பலரும் எழுதியிருந்தார்கள். அந்த வரியை யார் படித்தார்கள்? மார்க்கைப் பார்த்துவிட்டுப் பழைய பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கினார்கள். அதில் கேம் ஓடிய லட்சணத்தில், ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி கடைக்கு வந்தது 2021 ஜூன் 21.

எனவே மார்க்குக்கு முன்னால் அந்தச் சின்ன எழுத்துப் பெட்டியைப் படியுங்கள். எந்த மெஷின், எத்தனை மணி நேரம், வெளியீட்டு நாளில் வரும் திருத்தம் (முதல்நாள் பேட்ச்) போட்டதா இல்லையா, கோட் யார் கொடுத்தது. இந்த நாலும் இல்லாத விமர்சனத்தை மூடிவிடலாம். அப்புறம் எம்பார்கோ, அதாவது இந்த நேரத்துக்கு முன் விமர்சனம் வரக்கூடாது என்று கம்பெனி போடும் தடை: வெளியீட்டுக்கு நாலைந்து நாள் முன்பே விமர்சனம் போட விட்டால் கம்பெனிக்குத் தன் சரக்கின் மேல் ஓரளவு நம்பிக்கை இருக்கிறது. கடை திறக்கும் அதே நிமிடம்தான் விமர்சனமும் வரலாம் என்றால் பர்ஸை மூடி வையுங்கள்.

நிஜமாகவே காசு கைமாறும் இடம் ப்ரொமோ வீடியோ. ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ கேமுக்காக யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்ததையும், அதைச் சரியாக வெளிப்படுத்தாததையும் அமெரிக்க வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2016-இல் பிடித்தது. நல்லவிதமாகத்தான் பேச வேண்டும், பக் (கேமின் கோளாறு) காட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. பல வீடியோக்களில் ‘ஸ்பான்சர்’ என்ற சொல் விளக்கப் பெட்டியில், ‘மேலும் காட்டு’ அழுத்தினால்தான் தெரியும் இடத்தில் கிடந்தது. நம் நாட்டில் 2023 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல்படி, அந்த அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே, வீடியோ பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும். தமிழில் அரை மணி நேரம் பேசிவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு நொடி மின்னினால் சேராது.

மார்க் பற்றி ஒன்று. எழுபது வாங்கி வந்தால் “மீதி முப்பது எங்கே?” என்று கேட்கும் ஊர் இது, ஏழு என்றால் தோல்வி என்று படிக்கிறீர்கள். ஏழு என்பது நல்ல கேம். ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ செய்தவர்களுக்கு, விமர்சகர்களின் மார்க்கைச் சேர்த்து நூற்றுக்குச் சராசரி போடும் மெட்டாக்ரிடிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு, வந்தது 84. விமர்சகர்கள் அரை மார்க்குக்கு உட்கார்ந்து யோசிப்பதற்கு இப்படியும் காரணங்கள் உண்டு.

ஏசி ஸ்டூடியோவில் சோதித்த லேப்டாப் வேறு, மே மாதத்தில் வியாசர்பாடி மொட்டைமாடி அறையில் ஃபேனுக்கு அடியில் சுடும் லேப்டாப் வேறு. சூடேறினால் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து ஃப்ரேம் விழுந்தால், அதாவது காட்சி திக்கித் திக்கி ஓடினால், விமர்சனத்தில் சொன்னது பொய் என்று அர்த்தமில்லை. ஆன்லைன் கேம் என்றால் சர்வர் இந்தியாவில் இருக்கிறதா, சிங்கப்பூரிலா என்று பாருங்கள், தூரம் கூடினால் தாமதமும் கூடும். வெளிநாட்டு விமர்சனம் அதைச் சொல்லாது.

ப்ரீ-ஆர்டர் போடாதீர்கள். டிஜிட்டல் கேம் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். கேமைத் திறந்ததும் ஷேடர் கம்பைல் ஆகும், அதாவது உங்கள் மெஷினுக்கேற்பக் காட்சிகளைத் தயார் செய்துகொள்ளும், நேரமும் அந்த இரண்டு மணியில் அடக்கம். அது ஓடட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பிளேஸ்டேஷனில் டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேமே பழுதாக இருந்தால் தவிரப் பணம் வராது. ஸ்டீமில் ஆடியவர்கள் எழுதும் விமர்சனங்களில் மொத்த மணி நேரத்தை விட்டுவிட்டு, எழுதும்போது எத்தனை மணி ஆடியிருந்தார் என்பதைப் பாருங்கள். 0.3 மணியில் எழுதியவரைத் தாண்டிப் போகலாம்.

விமர்சனத்தில் தப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், கெஞ்சியே கேட்கிறோம். பெண் எழுதியிருந்தால் அவர் போட்டோவைத் தேடிப் போகாமல், அவர் எழுதியதைப் பற்றிச் சொல்லுங்கள். கேமின் வெர்ஷன் நம்பர், உங்கள் மெஷின், எந்த இடத்தில் எத்தனையாவது மணியில் நடந்தது, ஒரு ஸ்க்ரீன்ஷாட். இவ்வளவு இருந்தால் அன்றைக்கே சரிபார்த்துத் திருத்தம் போட்டுவிடலாம்.