நீர்க்கடுப்பும் ஆயாவின் அச்சார் பாட்டிலும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கிளினிக்குக்கு அந்தப் பெண் வந்தபோது அவளுக்கு ஏழாவது மாதம். கூடவே அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, கையில் ஓர் அச்சார் (ஊறுகாய்) பாட்டில். அதில்தான் சிறுநீர்! கழுவியும் போகாத எண்ணெய் மேலே மினுங்கியது. வேறு சுத்தமான டப்பா கொடுத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொன்னேன். சோதனைப் பட்டையை முக்கி எடுத்ததும் நைட்ரைட் கட்டம் ரோஸ் நிறமானது, சிறுநீரில் கிருமி இருப்பதன் அடையாளம்.

"பத்து நாளா நீர்க்கடுப்பு, டாக்டரம்மா. உடம்புச் சூடுதானே? பார்லித் தண்ணி கொடுத்தேன்," என்றார் ஆயா. இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல் வேறு. பனாடோ (பாராசிட்டமால்) போட்டு அடக்கியிருந்தார்கள். முதுகில் வலது விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினேன், துள்ளிவிட்டாள். வயிற்றில் கை வைத்தால், கருப்பை கல்லாக இறுகி இறுகித் தளர்ந்தது.

ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். சிலருக்குக் கடுப்பே இல்லாமல் கிருமி இருக்கும். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுவதால் சிறுநீர் தேங்கி, கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடும். பெரும்பாலும் அது ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாதான். அதன் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. கிருமி சிதையும்போது அது கசிய, தாயின் வெள்ளணுக்கள் அதை அடையாளம் கண்டு சைட்டோகைன்கள் என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டும். அவை புரோஸ்டாகிளாண்டினைக் கூட்டும். மாதம் நிறைந்ததும் பிரசவ வலியைக் கிளப்புவதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதனால் கிருமி கருப்பைப் பக்கமே போகாவிட்டாலும் 37 வாரத்துக்கு முன்பே வலி கண்டுவிடலாம். பனாடோ காய்ச்சலைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகுவலி, விட்டுவிட்டு வயிறு இறுகுவது என்றால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

2017-18இல் உணவு வழியே பரவும் லிஸ்டீரியா என்ற கிருமி இங்கே 1,000க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி, 200 பேருக்கு மேல் பலிகொண்டது. அதில் பச்சிளங்குழந்தைகள் நிறைய. கர்ப்பிணிக்கு வெறும் ஃப்ளூ போல வந்து குழந்தையைக் கொண்டுபோகிற கிருமி அது. அது பரவியது பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியில்; அப்புறம் பொலோனியைக் கண்டாலே முகம் சுளிக்கிறோம், சரி. ஆனால் சிறுநீர் டப்பாவை நீட்டினால், "போன மாசம்தானே கொடுத்தேன்" என்கிறார்கள்!

அவளை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக், குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி. மூன்றாம் நாள் இறுக்கம் நின்றது. மருந்து முடிந்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சிறுநீர் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) பார்க்க வந்தாள். இந்தமுறை ஆயா கையில் கிளினிக் டப்பா. அச்சார் பாட்டிலும் இருந்தது, உள்ளே மாங்காய் அச்சார், எனக்காம்.