பசுமைவெளியைப் புல்வெளி ஆக்காதீர்கள்

'கோல்ஃப் மைதானத்தில் வீடுகளும் பொதுப் புல்வெளியும் அமையும்' என்று செய்தி மொழிபெயர்ப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். கோல்ஃப் மைதானம் ஏற்கெனவே புல்வெளிதான். அப்புறம் அங்கே எதுதான் மாறுகிறது என்று படிப்பவருக்கு எப்படிப் புரியும்?

ஆங்கிலத்தில் 'கிரீன் ஸ்பேஸ்' என்பதற்குப் பசுமைவெளி என்பதே சரி. பசுமை, பச்சை, பசலை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. வெளி, மந்தைவெளியில் வருகிற அதே வெளி. அடைப்பில்லாத திறந்த இடம். மரம், புதர், குளம், நடைபாதை எல்லாம் அதற்குள் அடங்கும்.

கோல்ஃபில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்புக்கு 'கிரீன்' என்று பெயர். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். நகரத் திட்டமிடுவோர் சொல்லும் கிரீன் வேறு. சிங்கப்பூரில் கெப்பல் கிளப் என்ற கோல்ஃப் மன்றத்தின் நிலக் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது. அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் வருகின்றன. கூடவே பறவைகளும் சிறு விலங்குகளும் லாப்ரடார் இயற்கைக் காப்பகத்துக்கும் தெற்குக் குன்றுகளுக்கும் இடையே போய்வர மரங்களடர்ந்த வழித்தடங்களும் திட்டத்தில் உள்ளன. இதைப் புல்வெளி என்று எழுதினால் திட்டத்தின் பாதி காணாமல் போகிறது. ஹாங்காங்கின் ஃபான்லிங் கோல்ஃப் மைதானத்திலும் அப்படித்தான்: வீடு கட்டுவதை எதிர்த்தவர்கள் அங்குள்ள முதிய மரங்களையும் சதுப்பையும் முன்வைத்தே வாதாடினார்கள்.

சிலர் 'பசுமை நிலம்' என்கிறார்கள். அது பயிர் செய்யும் வயலை நினைவூட்டுகிறது. போதாததற்கு, நிலம் என்றதும் உடைமைதான் முதலில் மனத்தில் வரும். 'பொழில்' எனக்குப் பிடித்த சொல். ஆனால் பொழில் சோலை, மரங்கள் செறிந்த இடம்; குழந்தைகள் ஓடி விளையாடும் திறந்த திடலை அதற்குள் அடக்க முடியாது.

இன்னொன்று, 'பொது' என்பதை விட்டுவிடுகிறார்கள். உறுப்பினர் மட்டும் நுழைந்த வேலிக்குள் இனி எவரும் நடக்கலாம் என்பதுதான் செய்தியே! 'பசுமைப் பகுதி' என்று மொட்டையாக எழுதினால் அது தெரிவதில்லை. பொதுப் பசுமைவெளி என்றே முழுமையாக எழுதுங்கள்.

'கையகப்படுத்தியது' என்ற சொல்லையும் இங்கே கண்மூடித்தனமாகப் போடுகிறார்கள். ஃபான்லிங்கில் 172 ஹெக்டேரில் 32 ஹெக்டேர் 2023 செப்டம்பரில் அரசின் கைக்கு வந்தது. பிறர் நிலத்தை இழப்பீடு கொடுத்து எடுப்பதுதான் கையகப்படுத்தல். இது குத்தகை முடிந்த தன் நிலம். அரசு அதைத் 'திரும்பப் பெற்றது', அல்லது 'மீட்டது'.