‘சேஃப்’ சாயம்தானே என்று கிளவுஸைக் கழற்றாதீர்கள்

போன வாரம் ஓர் எம்.எஸ்சி. மாணவி கண் சிவந்து, நீர் வழிய வந்து நின்றாள். "ராத்திரி ரெண்டு மணியிலிருந்து கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது மேடம்." முந்தைய சாயங்காலம் டிஎன்ஏவைப் பிரித்த ஜெல்லை யூவி (புற ஊதா) விளக்குப் பெட்டி மேல் வைத்து, குனிந்து பேண்ட் (சாயத்தால் ஒளிரும் டிஎன்ஏ பட்டை) வெட்டியிருக்கிறாள். ஃபேஸ் ஷீல்டு இல்லை, கிளவுஸும் இல்லை. கேட்டால், "ஜெல்ரெட் தானே மேடம், எத்திடியம் இல்லையே" என்கிறாள். இரண்டுமே டிஎன்ஏவை ஒளிர வைக்கும் சாயங்கள், ஜெல்ரெட் ‘சேஃப்’ என்று பெயர் வாங்கியது. உடனே கண் டாக்டரிடம் அனுப்பினேன். இந்த வருஷம் இதே பதிலை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

எத்திடியம் புரோமைடு செல்லுக்குள் எளிதில் புகும். கல்லீரல் நொதிகளோடு சேர்த்துச் சோதித்தால் மரபணு மாற்றத்தைத் தூண்டுகிறது. ஜெல்ரெட்டின் மூலக்கூறு பெரியது, செல் சவ்வைத் தாண்டாதபடி வடிவமைத்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதையும் 302 நானோமீட்டர் யூவியில்தான் பார்க்கிறோம்! சாயத்தை மாற்றினோம், விளக்கை மாற்றவில்லை. அந்த வெளிச்சம் எந்தச் சாயமானாலும் கண்ணைச் சுடும். சுடும்போது தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். கிளவுஸுக்கும் கோட் கைக்கும் நடுவே தெரியும் இரண்டு விரல் அகல மணிக்கட்டையும் விடாது.

விளக்கையும் மாற்ற வேண்டுமானால் சைபர் சேஃப், ஜெல்கிரீன் என்ற சாயங்கள் இருக்கின்றன. நீல ஒளிப் பெட்டியும் ஆரஞ்சு ஃபில்டரும் போதும். டிஎன்ஏவும் பிழைக்கும். யூவியில் சில நிமிடம் வைத்தாலே டிஎன்ஏவின் அடுத்தடுத்த தைமின்கள் (அதன் நான்கு ‘எழுத்து’களில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு டிஎன்ஏ சேதமாகும். குளோனிங் வரவில்லையென்று லைகேஸை (டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் நொதி) மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் பேண்ட் வெட்டிய நேரத்தைக் கணக்குப் பாருங்கள்.

சரி, நீல ஒளி வந்துவிட்டது, இப்போதாவது வெறுங்கையா? கூடாது. சைபர் சேஃப் ஸ்டாக் (நீர்க்காத மூலக் கரைசல்) பத்தாயிரம் மடங்குச் செறிவில், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைந்து வருகிறது. டிஎம்எஸ்ஓ தோலுக்குள் தானும் போகும், கரைந்திருப்பதையும் இழுத்துப் போகும். எத்திடியத்தைவிட ஆபத்து குறைவு என்பதைத்தான் ‘சேஃப்’ என்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

நைட்ரைல் கிளவுஸ் போடுங்கள். ஸ்டாக் ஒரு துளி பட்டாலும் உடனே கழற்றி மாற்றுங்கள். அதே கையோடு கதவுப்பிடி, செல்போன், மைக்ரோவேவ் எதையும் தொடாதீர்கள். அப்புறம், பழைய எத்திடியம் கரைசலில் பிளீச்சை ஊற்றுவதை நிறுத்துங்கள். நிறம் போகும், ஆனால் விளைபொருளே மரபணுவைக் கெடுக்கக்கூடியது. ஆக்டிவேட்டட் கரித்தூளில் உறிஞ்ச வைத்து, அந்தக் கரியை அபாயக் கழிவில் சேருங்கள்.

யூவி பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து ஷீல்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். கையெட்டும் தூரம்தான். தயவுசெய்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.