பேட்டரி கேஜ்: தொடர்கூண்டு

நாமக்கல் பக்கம் லேயர் (முட்டைக்கோழி) பண்ணைக்காரர்கள் 'கேஜ்' என்று சுருக்கிச் சொல்வதன் முழுப்பெயர் 'பேட்டரி கேஜ்'. கோழிகளை அடைத்து வைக்கும் கம்பிக் கூண்டு வரிசை அது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இதில் மின்சாரம் எதுவும் இல்லை; 'மின்கலக் கூண்டு' என்று எழுதினால் தப்பு. 'அடி' என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லில் பிறந்த பேட்டரி, முதலில் அடிப்பதையும், பிறகு சேர்ந்து சுடும் பீரங்கி வரிசையையும் குறித்தது. மின்னேற்றத்தைச் சேமிக்கும் லேடன் சாடிகளை வரிசையாக இணைத்த பெஞ்சமின் பிராங்க்ளின் அந்தத் தொகுப்புக்கும் இதே பெயரை வைத்தார். ஆக, ஒரே மாதிரிப் பொருள்கள் தொடராக நிற்பதுதான் பொருள்.

எனவே 'தொடர்கூண்டு' பொருந்தும். 'அடுக்குக் கூண்டு' பல தட்டு இருந்தால் மட்டும் சரி. நம்மூர்க் கொடாப்பை இதற்குச் சொல்ல முடியாது. அதில் கோழி ராத்திரி மட்டும் அடையும், விடிந்தால் மேயப் போய்விடும். பல்லடம் கறிக்கோழியும் இந்தக் கணக்கில் வராது. அது தென்னை நார்க்கழிவு பரப்பிய தரையில் வளர்வது, அதற்கு 'ஆழ்கூளம்' என்ற நல்ல சொல் இருக்கிறது.

தொடர்கூண்டின் கம்பித் தளம் முன்பக்கம் சரிந்திருக்கும். முட்டை உருண்டு வெளியே வந்துவிடும். முட்டை சுத்தமாகக் கிடைக்கும், எச்சம் கீழே விழுந்துவிடும். வசதிதான். ஆனால் 15 அங்குல முகப்பு, 12 அங்குல ஆழக் கூண்டில் மூன்று கோழி விட்டால், தலைக்கு 387 சதுர செ.மீ. ஏ4 தாளே 624 சதுர செ.மீ! இறக்கை விரிக்க முடியாது. நடமாட்டம் இல்லாமல் எலும்பு வலுவிழக்கும். கூடவே முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்தும் போவதால் கோழி காலூன்ற முடியாமல் படுத்துவிடும். இதைத்தான் 'கேஜ் லேயர் ஃபட்டீக்' என்பார்கள். 'கூண்டுச் சோர்வு' எனலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் உத்தரவு போட்டு, 2012 ஜனவரி 1 முதல் வெறுங்கூண்டைத் தடை செய்தது. கோழிக்கு 750 சதுர செ.மீ., முட்டையிடக் கூடு, அமரக் குச்சி, கீறக் கூளம் உள்ள கூண்டுக்கு அனுமதி உண்டு. ஆங்கிலத்தில் 'என்ரிச்டு கேஜ்' எனும் அதை 'வசதிக் கூண்டு' என்றால் போதும், 'செறிவூட்டிய கூண்டு' வேண்டாம். உரமூட்டை மாதிரி இருக்கிறது.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையே குற்றம் என்கிறது. சட்டம் வந்தபோது முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். 'நியாயமான அளவு' எத்தனை செ.மீ. என்று அந்தப் பிரிவில் இல்லை. வழக்கு சிக்கியதே அங்கேதான்.