கேட்வே எந்த ஊரில் இருக்கிறது?

கிளை அலுவலகத்துக்கு ஐபி போன் (கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்) போடும்போது விலை, எத்தனை எக்ஸ்டென்ஷன், கால் ரெக்கார்டிங் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வெளி லைன் எந்த ஊர் கேட்வேயில், அதாவது ஐபி போன்களைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் பெட்டியில், வந்து சேர்கிறது என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி அது.

சென்னையில் தலைமை அலுவலகம், ஓசூரில் கிளை என்று வைத்துக்கொள்வோம். அழைப்புகளை நடத்தும் சர்வர், பிஆர்ஐ லைன் (ஒரே இணைப்பில் பல அழைப்புகள் போகும் தொலைபேசி லைன்), கேட்வே எல்லாம் சென்னையில். ஓசூரில் போன்களும் ஒரு ஸ்விட்சும்தான். அங்கே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 112 அழுத்தினால், அழைப்பு சென்னை லைனில்தான் வெளியேறும். எதிர்முனையில் சென்னை எண்தான் தெரியும். பேச முடிந்தால் ஊரைச் சொல்லிவிடுவார். முடியாவிட்டால்? அந்த நேரம் பார்த்து இரண்டு ஊரையும் இணைக்கும் நெட்வொர்க் லிங்க் அறுந்திருந்தால் அழைப்பே போகாது.

ஆகவே கிளையிலும் ஒரு சின்ன கேட்வே வையுங்கள். அதன் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில் (சாதாரண தொலைபேசி லைனைச் செருகும் துளை) ஒரு உள்ளூர் தரைவழி லைன். அவசர எண்கள் எல்லாம் அந்த லைனிலேயே போகும்படி ரூட் (எந்த எண் எந்த லைனில் போக வேண்டும் என்ற விதி) எழுதச் சொல்லுங்கள். சர்வர் எட்டாமல் போனால் போன்கள் அந்த கேட்வேயிலேயே பதிவாகிக்கொள்ள வேண்டும். சிஸ்கோ கருவிகளில் இந்த வசதியை எஸ்ஆர்எஸ்டி என்பார்கள். அப்புறம் யுபிஎஸ். கேட்வேயை அதில் போட்டுவிட்டு, போன்களுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சை விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போனால் லைன் இருக்கும், பேச போன் இருக்காது.

வெளி லைனுக்கு முதலில் 0 அழுத்தும் பழக்கம் இன்னொரு ஆபத்து. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில், ஓட்டல் அறையில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய 9 வயது மகள் 911ஐ நான்கு முறை அழுத்தியும் அழைப்பு போகவில்லை. முதலில் 9 அழுத்தி வெளி லைன் எடுக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? காரி இறந்துபோனார். முன்னெண் இல்லாமலே 911 போக வேண்டும் என்று 2018இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. உங்கள் அலுவலகத்தில் 112 எப்படி அடித்தாலும் போகிறதா?

கேட்வே பதிவாகிவிட்டது, பச்சை விளக்கு எரிகிறது என்பதோடு வேலையை முடித்துவிடாதீர்கள். அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி தகவல் வழக்கமாக 5060ஆம் போர்ட்டில் போகும் (இங்கே போர்ட் என்பது துளை அல்ல, நெட்வொர்க்கில் எண்ணிட்ட வாசல்). குரல் ஆர்டிபி என்ற முறையில் வேறு போர்ட்டுகளில் போகும். ஃபயர்வாலில் முதலாவதை மட்டும் திறந்திருந்தால் மணி அடிக்கும், எடுப்பார்கள், குரல் கேட்காது. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (எஸ்ஐபி தகவலை இடையில் திருத்தி அனுப்பும் வசதி) ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதை நடக்கலாம்; பெரும்பாலும் அதை அணைத்துவிடுவதே நல்லது.

சோதனைக்காக 112ஐ அழைத்து அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். உங்கள் செல்போன் எண்ணைத் தற்காலிகமாக அதே அவசர ரூட்டில் போட்டு, ஓசூர் போனிலிருந்து அழையுங்கள். திரையில் ஓசூரின் 04344 தெரிய வேண்டும். சென்னையின் 044 என்று வந்தால் ரூட் தவறு. இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள். பிறகு லிங்க் கேபிளைக் கழற்றிவிட்டு, போன்கள் உள்ளூர் கேட்வேயில் பதிவானதும் மறுபடி அழையுங்கள். ரவுட்டரோ ஃபயர்வாலோ மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யும்படி பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.