பொக்ரோம்: கலவரம் அன்று, சூறை

சென்ற மாதம் ஒரு மொழிபெயர்ப்பு நூலின் மெய்ப்பு கைக்கு வந்தது. மூன்றாம் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது. "1881இல் ரஷ்யாவில் யூதக் கலவரங்கள் வெடித்தன" என்று இருந்தது.

மாணவர் போராட்டம் என்றால் மாணவர் நடத்தியது. விவசாயிகள் மறியல் என்றால் விவசாயிகள் செய்தது. அப்படியானால் யூதக் கலவரம்? விவரம் அறியாத வாசகர் யூதர்கள் திரண்டு தெருவில் இறங்கினார்கள் என்றுதான் எண்ணுவார். அடிபட்டவர்களை அடித்தவர்களாக்கிவிட்டது அந்த ஒரு தொகைச்சொல். மூலத்தில் இருந்தது பொக்ரோம். அதைக் கலவரம் என்று பெயர்ப்பதைச் செய்திகளிலும் கட்டுரைகளிலும் படங்களின் வசன வரிகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல் ரஷ்ய மொழியது. 'க்ரோம்' என்றால் இடி. அதிலிருந்து பிறந்த வினைக்கு இடித்து நொறுக்குதல், துவம்சம் செய்தல் என்று பொருள். 'பொ' முன்னொட்டு. 1880களில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ் வழியாகவும் செய்தித்தாள் வழியாகவும் ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது. ஒரு கூட்டம், அதிகாரத்தில் இருப்போர் பார்த்துக்கொண்டிருக்க அல்லது தூண்டிவிட, சிறுபான்மை மக்களின் தெருக்களில் புகுந்து உடைத்து, அள்ளி, அடித்து, கொன்று போவதே பொக்ரோம். சொற்பிறப்புக்கு இது போதும்.

கலவரம் என்ற சொல்லில் செய்பவன் இல்லை. "முகத்தில் கலவரம் படர்ந்தது" என்கிறோம். குழப்பம், பதற்றம், நிலைகுலைவு என்பதே அதன் உயிர்ப்பொருள். "கலவரம் மூண்டது", "கலவரம் வெடித்தது" என்று எழுதினால் அது மழை பெய்தது போலத் தானாக நடந்ததாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, கலவரம் என்றதும் நம் மனம் இரு தரப்பைத் தேடுகிறது. இவன் கல்லெறிந்தான், அவன் கம்பெடுத்தான் என்று பங்கு பிரிக்கிறது. பொக்ரோமில் இரு தரப்பு இல்லை. சில ஊர்களில் யூத இளைஞர்கள் தடியெடுத்துக் காவல் நின்றது உண்மைதான். வீட்டுக்கதவை உடைப்பவனைத் தடுத்ததற்காக அதைச் சண்டை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

1881 மார்ச்சில் ஸார், அதாவது ரஷ்யப் பேரரசர், இரண்டாம் அலெக்சாந்தர் குண்டு வீசிக் கொல்லப்பட்டார். சதியில் சேர்ந்திருந்தவர்களில் யூதப் பிறப்பினர் கேஸ்யா கெல்ஃப்மன் என்ற பெண் ஒருவர்தான். ஆனால் ஸாரைக் கொன்றவர்கள் யூதர்களே, அவர்களை அடிக்கப் புதிய ஸார் ஆணை தந்துவிட்டார் என்று வதந்தி ஓடியது. தெற்கில் தொழில் மந்தம். வேலை தேடி வடக்கிலிருந்து வந்தவர்கள் கைக்கு வேலையில்லாமல் ரயில் நிலையங்களிலும் சாராயக் கடைகளிலும் கிடந்தார்கள். ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த கையோடு, இன்றைய உக்ரைனில் உள்ள எலிசாவெத்கிராத் நகரில் ஒரு சாராயக் கடைத் தகராறில் தொடங்கியது. தண்டவாளம் போன வழியே பரவியது. கீவ், ஒடெஸ்ஸா, அவற்றைச் சுற்றிய சிற்றூர்கள் என அடுத்த ஆண்டுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களைத் தொட்டது. அரசன் செத்தால் யூதன் வீட்டுக் கண்ணாடி உடையும், விலைவாசி ஏறினால் யூதன் கடை எரியும் என்பது அங்கே பழகிப்போன கணக்கு.

இதை ஸாரின் அதிகாரிகள் தங்கள் கோப்புகளில் எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? 'பெஸ்பரியாத்கி', அதாவது ஒழுங்குக் குலைவுகள் என்று. நம் கலவரத்துக்கு அச்சு அசலான சொல். அந்தச் சொல்லோடு ஒரு வாதமும் வந்தது: யூத வணிகர்கள் குடியானவர்களைச் சுரண்டினார்கள், குடியானவர்கள் பொறுமை இழந்தார்கள், தவறு இரு பக்கமும் உண்டு. அதன் பலன் 1882இன் மே சட்டங்கள். அடி வாங்கியவர்கள் நகரங்களுக்கு வெளியே புதிதாகக் குடியேறக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது என்றன அவை. சொல்லிலேயே பழியைப் பாதியாகப் பிரித்துவிட்டால் தண்டனையை யார் தலையில் வேண்டுமானாலும் வைக்கலாம். கலவரம் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் அறியாமலே ஸாரின் உள்துறை எழுத்தர் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். சொல்லத்தான் வேண்டும்.

சரி, 'இனப்படுகொலை' என்று எழுதலாமே என்று இன்னொரு சாரார். அது 'ஜெனோசைட்' என்ற வேறு சொல்லுக்கு ஏற்கெனவே தந்தாயிற்று. ஓர் இனத்தையே இல்லாமலாக்கும் திட்டத்துக்கு உரிய சொல் அது. அதை இங்கே செலவழித்துவிட்டால் 1941க்குப் பின் நாஜிகள் செய்ததைச் சொல்ல வேறு சொல்லுக்கு எங்கே போவது? 1881இல் உயிரிழந்தோர் சில பத்துப் பேர்; குடியிழந்தோர் ஆயிரக்கணக்கில். அங்கே மையம் கொலையன்று, குடியைக் கெடுத்தல்.

1903 ஏப்ரலில் கிஷினேவ், ரஷ்யப் பேரரசின் தென்மேற்கு மூலையில் ஒரு நகரம். நகரத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் யூதர்கள். ஒரு கிறித்துவச் சிறுவன் கொலையுண்டதற்கு, சடங்குக்கு இரத்தம் எடுக்கக் கொன்றார்கள் என்று யூதர் மேல் இரத்தப்பழி சுமத்தி உள்ளூர் நாளேடு மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று கல்லெறிதலில் தொடங்கி இரண்டு நாள் நீடித்தது. 49 பேர் இறந்தார்கள். சுமார் 700 வீடுகளும் 600 கடைகளும் பாழாயின. படைவீரர்கள் நகரத்திலேயே இருந்தும் இரண்டாம் நாள் மாலைவரை அவர்களுக்குக் கட்டளை வரவில்லை. நேரில் கண்டவர்கள் மறக்காமல் சொன்ன ஒன்று இறகு. மெத்தைகளையும் தலையணைகளையும் கிழித்து மாடியிலிருந்து கொட்டியதில் தெருவெல்லாம் பனி விழுந்தாற்போல் வெள்ளை. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த மெத்தையைக் கிழித்து எறிவதில் யாருக்கு என்ன லாபம்? இந்த ஊரில் இனி உனக்குப் படுக்க இடமில்லை என்று சொல்வதுதான் அது.

இதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: சூறை. சுழன்றடிக்கும் காற்றும் சூறை, கொள்ளையும் சூறை. சூறைக்காற்று, சூறாவளி ஒரு பக்கம், சூறையாடல் மறுபக்கம். ரஷ்யச் சொல் இடியிலிருந்து நொறுக்கலுக்கு வந்தது போல நம் சொல்லும் வானத்தின் சீற்றத்தையும் மனிதனின் சீற்றத்தையும் ஒரே சொல்லில் சேர்த்து வைத்திருக்கிறது. பிள்ளையார் முன் உடைக்கும் சூறைத்தேங்காயை நினைத்துப் பாருங்கள். உடைப்பவர் ஒருவர், சில்லுகளைப் பொறுக்குபவர்கள் அங்கே நிற்கும் எல்லாரும். அங்கே அது வேண்டுதல். கிஷினேவிலும் கடைக்கதவை உடைத்தவர்கள் சிலர்தான். துணிப்பொதியைத் தூக்கிப் போனவர்களில் நேற்றுவரை அதே கடையில் கடன் சொல்லி வாங்கியவர்களும் இருந்தார்கள்.

ஆகவே 'இனச்சூறை' என்கிறேன். ஊரைச் சூறையாடினார்கள் என்றால் ஊர் செய்ததாக எவரும் எண்ண மாட்டார். சூறை என்றாலே செய்தவன் ஒருவன், பறிகொடுத்தவன் ஒருவன். கொலை அதில் அடங்குமா என்று கேட்கிறார்கள். காற்றுச்சூறை வீட்டை மட்டுமா சாய்க்கிறது? கொலையே நோக்கமாக இருந்த இடத்தில் மட்டும் வேறு சொல் வேண்டும். 1919 பிப்ரவரியில் உக்ரைனின் புரொஸ்குரிவில் கொள்ளையடிக்கக் கூடாது, கொல்ல மட்டும் வேண்டும் என்று படைத்தலைவன் கட்டளையிட, சில மணி நேரத்தில் ஏறக்குறைய 1,500 பேர் வாளுக்கு இரையானார்கள். அதைப் படுகொலை என்றே எழுதுங்கள்.

பக்தாதில் இராக்கிய யூதர்கள் தங்களுக்கு நேர்ந்ததற்கு இட்ட பெயர் ஃபர்ஹூத். அவர்கள் பேச்சில் அது கொள்ளையைக் குறிக்கும். 1941 ஜூன் 1, 2 நாள்களில், நாஜிகளுக்குச் சார்பான ரஷீத் அலி அரசு கவிழ்ந்து அடுத்த ஆட்சி நிலைகொள்ளும் முன், சுமார் 180 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அத்தனை உயிர் போயும் அந்த மக்கள் தேர்ந்தது கொள்ளைச் சொல்லையே. பத்தாண்டுக்குள் இராக்கிலிருந்து 1,20,000 யூதர்களுக்கு மேல் வெளியேறிவிட்டார்கள்.

கொள்ளைக்குப் பின்னால் கடன் பத்திரமும் இருக்கும். 1190 மார்ச்சில் இங்கிலாந்தின் யார்க்கில் கோட்டைக் கோபுரத்துக்குள் ஒதுங்கிய யூதர்கள் மாண்டபின், கூட்டம் நேரே போனது பேராலயத்துக்கு. அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைத் தரையில் குவித்துக் கொளுத்தினார்கள். கூட்டத்தை நடத்தியவர்களிலேயே யூதரிடம் கடன்பட்ட பிரபுக்கள் இருந்தார்கள். 1349இல் ஸ்ட்ராஸ்பூர்கில் யூதர்களுக்குக் காவலாக நின்ற நகர அவையைக் கவிழ்த்த சில நாளிலேயே அவர்களை எரித்தார்கள். கிணற்றில் நஞ்சிட்டுக் கொள்ளைநோயைப் பரப்பினார்கள் என்பது பழி. அந்த நோயோ அப்போது அந்த நகரத்துக்கு வந்தே சேரவில்லை. கடன்கள் மட்டும் ரத்தாயின. ரஷ்யாவுக்கு வெளியே நடந்ததற்குப் பொக்ரோம் என்ற சொல்லை ஆளக் கூடாது என்பாரும் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை.

தமிழர்களுக்கு இது அயல் சங்கதியன்று. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது, கடை எது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். அதையும் ஆடிக் கலவரம், இனக்கலவரம் என்றே எழுதி வந்தோம். பட்டியல் பார்த்துச் செய்வதா கலவரம்? பறிகொடுத்தவர்களே நாக்குப் பழக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது நெஞ்சு வலிக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறை. 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனியில் நடந்ததைப் 'படிக இரவு' என்று அழகாக எழுதுகிறார்கள். யூதர்களின் சுமார் 7,500 கடைகள் நொறுங்கி, 30,000 யூத ஆண்கள் கைதாகி, நட்டம் பட்ட யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் தண்டமும் விதிக்கப்பட்ட நிகழ்வுக்குப் படிகம் என்று பெயர்! ஜெர்மானியரே இன்று நவம்பர் பொக்ரோம் என்று மாற்றி எழுதுகிறார்கள். நாம் மட்டும் உடைந்த கண்ணாடியின் மினுக்கத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

மெய்ப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, "1881இல் ரஷ்யாவின் தென் மாகாணங்களில் யூதர் குடியிருப்புகள் இனச்சூறைக்கு உள்ளாயின" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பொக்ரோம் என்று தமிழ் எழுத்தில் போட்டால் போதும். பதில் இன்னும் வரவில்லை.