மஞ்சள் நோட்டீஸ் வழக்கில் வக்கீல் கோட்டை விட்டால்

ஐ.பி. போட்டதோடு கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஊரில் மஞ்சள் நோட்டீஸ் என்று சொல்லும் அந்தத் திவால் மனு, சென்னைக்கு வெளியே 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி நடக்கிறது. ஒருவரைத் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் பாதிக் கிணறு தாண்டியதாகத்தான் அர்த்தம். அந்த உத்தரவிலேயே ஒரு கெடு இருக்கும். அதற்குள் கடனிலிருந்து விடுவிக்கக் கோரித் தனியாக மனு போட வேண்டும். போடாமல் விட்டால் 43-ஆவது பிரிவின்படி அறிவிப்பையே ரத்து செய்துவிடுவார்கள். மறுபடி ஐ.பி. போடுவதற்கும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

வக்கீல் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். முதல் உத்தரவு வந்ததும் கட்சிக்காரரும் போன் செய்வதில்லை, வக்கீலும் வழக்குக் கட்டை மூடி வைத்துவிடுகிறார்.

கோபம் வருவது நியாயம்தான். ஆனால் முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள், வக்கீல் எங்கேயும் போய்விட மாட்டார். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பாருங்கள், உத்தரவு நகல் வாங்குங்கள். போதிய காரணம் காட்டினால் கெடுவை நீட்டிக்க 27-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வக்கீல் வராமல் போனதற்காகக் கட்சிக்காரர் தண்டிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் சொன்னது இங்கே கைகொடுக்கலாம். அதற்காக, ‘எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. நீங்கள் எப்போது கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று தேதியோடு காட்ட வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

வக்கீலை மாற்றப் பழையவரின் ஒப்புதல் கேட்பது வழக்கம். அவர் தராவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதியோடு மாற்றலாம். ‘பாக்கி ஃபீஸைக் கட்டினால்தான் கட்டு’ என்று அவர் பிடித்து வைக்கவும் முடியாது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை நிறுத்தி வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. புது வக்கீல் வைக்கக் கையில் காசு இல்லையென்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அது உண்டு.

அப்புறம் புகார். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்துக் கண்டிக்கலாம், கொஞ்ச காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பதிவிலிருந்து பெயரையே நீக்கலாம். ஓர் ஆண்டுக்குள் முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் அங்கே மேல்முறையீடும் உண்டு. ஒன்று, வெறும் கவனக்குறைவு எல்லாமே தொழில் ஒழுங்கீனம் ஆகிவிடாது. பணத்தை வாங்கிக்கொண்டு மனுவே போடாதது, போட்டதாகப் பொய் சொன்னது போன்றவைதான் புகாராக நிற்கும்.

நஷ்டஈடு வேண்டுமென்றால் பார் கவுன்சில் அதற்கான இடமில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது, 2024 மே 14 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுவதுதான் வழி. பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. அவர் செய்த தவற்றால் இன்ன தொகை போனது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், ஃபீஸுக்கு ரசீது இல்லாமல் அது பெரும்பாடு.